வலது முன் சக்கரம்

கிளட்ச்சை மிதித்தால் ஒரு 'டக்'.
விட்டால் இன்னொன்று.
முதலாவது பெரிதில்லை, வண்டிக்கு முப்பத்தேழு வயது,
எனக்கே முழங்காலில் அந்தச் சத்தம் உண்டு.
இரண்டாவதைத் தேடித்தான்
ஜூலைப் பனியில் அட்டையை விரித்து
ஹைலக்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.

மொக்கொட்லாங்கில் காற்று கதவைத் தட்டிவிட்டு வராது.
மாபலேசா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு
"கியர்பாக்ஸா, ந்தாத்தே?" என்கிறாள்.
அவள் கேட்பது கியர்பாக்ஸை இல்லை, தொகையை.

பின் ஷாஃப்ட்டைப் பிடித்து முறுக்கினேன்.
கிராஸ் ஜாயின்ட் தலையாட்டியது,
கடனை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி.
கிண்ணத்தைத் தட்டினால் செந்தூளோடு ஊசிகள்:
இருபத்தாறு இருக்கவேண்டும், பதினேழு இருந்தன.
மற்றவை எந்த மலைப்பாதையிலோ.

டிஃப்ரன்ஷியல் ஆயிலை இறக்கினேன்.
அடைப்பின் காந்தத்தில் மீசை போல இரும்பு.
விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தேன்.
மாவு. மாவென்றால் பரவாயில்லை,
சில்லு வந்தால்தான் கும்பிடவேண்டும்.
"மாவுதான், ம்மே."
அவள் முகத்தில் பாதித் தொகை குறைந்தது.

வந்த வேலை அவ்வளவுதான்.
முன்பக்கத்தை அவள் தொடச் சொல்லவில்லை.
ஜாக்கி கையில் இருந்தது, கை சும்மா இருக்கவில்லை.
லீவரை நான்குக்குத் தள்ளி
இரண்டு ஹப் திருகுகளையும் பூட்டி
இடது சக்கரத்தைச் சுற்றினேன்.
வலது எதிர்த்திசையில் சுற்றியிருக்கவேண்டும்.
பேச்சு தனக்கில்லை என்பதுபோல்
அது நின்றது.

ஆறு போல்ட். மூடி கழன்றது.
பல்வளையம் இருக்கவேண்டிய இடத்தில்
காய்ந்த கிரீஸில் ஊறிய ஒரு பிடி ரோமம்.
திருகு திரும்பும், 'க்ளிக்' என்றும் சொல்லும்,
உள்ளே பிடிக்க ஒன்றுமில்லை.
இடது நன்றாயிருந்தும் பயனில்லை:
எந்தப் பக்கம் சும்மா சுற்றுகிறதோ
அந்தப் பக்கமே வலுவெல்லாம் ஓடும்,
டிஃப்ரன்ஷியலின் நியாயம் அது.

எழுந்து உட்கார்ந்தேன்.
பதினொரு குளிர்காலம் இவள்
கணவாய்க்குக் கீழே வண்டியை நிறுத்தி
பனியில் மண்டியிட்டு இவற்றைத் திருப்பியிருக்கிறாள்.
கம்பளி மூட்டைகளோடு.
ஒருமுறை வலியெடுத்த தம்பி மனைவியோடு.
ஒருமுறை தம்பியோடு, பெட்டியில்.
எல்லாம் இரண்டு சக்கரத்தில்.

சொன்னேன்.

அவள் அந்த ரோமத்தை வாங்கி,
நான் தேய்த்தது போலவே விரலிடுக்கில் தேய்த்தாள்.
"செம்மறி இல்லை. மோஹேர்.
இந்தப் பக்கத்தில் வெள்ளாடு வைத்திருப்பவன்
ராமொகோனா ஒருவன்தான்.
நாலும் இழுக்கும் என்று
குழந்தை தலையில் கைவைத்துச் சொல்லி விற்றான்."
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.
கத்தரிப்புக் கொட்டகையில் தராசு இவள் பொறுப்பு.
செப்டம்பரில் அவன் வருவான்.

பிறகு, வேறு குரலில்:
"அப்படியானால் அந்த மூன்றாவது வளைவில்
என்னை மேலே ஏற்றியது எது?"
எனக்குத் தெரிந்தது இயந்திர பதில் மட்டும்.
"சுமை, ம்மே. பின் அச்சுமேல் இருந்த சுமை."
மூட்டைகளைத்தான் நினைத்துச் சொன்னேன்.
அவள் வண்டியின் காலி முதுகையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளையம் புத்தா-புத்தேயிலிருந்து வர மூன்று நாள்,
நொறுங்கிப்போன வேறொரு ஹைலக்ஸின் எலும்பு.
புதிய ஜாயின்ட்டை இறக்கி
கழற்றும்போது போட்ட சுண்ணாம்புக்கோடு
கோட்டோடு சேர ஷாஃப்ட்டைப் பூட்டினேன்.
கடைக்குப் பின்னாலுள்ள பனிச்சரிவில்
ஒன்றும் ஏற்றாமல் ஏறினாள்.
பாதியில் நிறுத்தி இறங்கி
முன் டயர் தோண்டிய கறுப்பு மண்ணைக்
காலால் தொட்டுப் பார்த்தாள்.
"ஸ்டியரிங் கனக்கிறது" என்றாள்.
குறையா, நிறைவா, தெரியவில்லை.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.
கீழே சாலை காய்ந்து கிடந்தது.
லீவரை இரண்டுக்கு மாற்று, காய்ந்த சாலையில் நாலு ஆகாது
என்று பின்னாலேயே ஓடிக் கத்தினேன்.
விடைகொடுக்கிறேன் என்று நினைத்து
ஜன்னல் வழியே கையாட்டினாள்,
அந்த முதல் 'டக்'கோடு.