இருநூறு கிராம்

கருங்கடல் ஓரம், போத்தி துறைமுகம்.
மூன்றாம் நாளாக மழை.

சாயமிட்ட பருத்தி, சரிவு நெசவு, நாற்பது சுருள்.
சதுர மீட்டருக்கு இருநூறு கிராம் தாண்டினால்
அடுத்த தலைப்பு, அடுத்த வரி.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் வெட்டித்
தராசில் வைத்தேன்.
இரண்டு புள்ளி பூஜ்யம் மூன்று.
நூறால் பெருக்கு.
"ஏறிவிட்டது பார்"
என்றார் ஷோத்தா, குடையை உதறியபடி.

அந்தக் குடையையும் கொஞ்சம் குடித்திருக்கும்.
பருத்தி அப்படித்தான்,
காற்றில் தண்ணீர் இருந்தால் கேட்டுக்கொண்டிருக்காது.
சன்னல் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடம்;
எழுதிக் கொடுத்தே என் பேனா தீர்ந்தது.
அட்டவணை முழுக்கப் புரட்டியாயிற்று,
மழைக்குத் தலைப்பு இல்லை.

வட்டத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன்:
இருபது டிகிரி,
ஈரப்பதம் அறுபத்தைந்து விழுக்காடு.
"நாளைக்கு வா."
"லாரி வாடகை ஏறுதே, மாக்வாலா"
என்ற ஜும்பேர்
வெளியே போய் நனைந்துகொண்டே புகைத்தான்.

காலையில்
ஒன்று புள்ளி ஒன்பது ஏழு.
ஷோத்தா கையெழுத்துப் போட்டார்,
பேனாவைத் திருப்பித் தரவில்லை.

ஜும்பேர் நன்றி சொல்லவில்லை. கையை நீட்டினான்.
"அந்த வட்டம் எங்கே?
அதுக்கும் சேர்த்துத்தானே வரி கட்டினேன்?"

கோப்பில் பின் அடித்துவிட்டேனே.