காரணம், சுருக்கமாக

நேற்றுவரை வங்கிகளோடு நின்றிருந்த சட்டம்
ஒன்றாம் தேதி காலை
களியக்காவிளை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்,
மீன்சந்தைக்குத் திரும்பும் வழியில்,
இரண்டு மொழியில் பலகை வைத்த
எங்கள் அடகுக்கடைக்கும் வந்து சேர்ந்தது.

நாகர்கோவிலில் ஒரு நாள் வகுப்பு.
மதியம் பிரியாணி.
சென்னையிலிருந்து வந்தவர் சொன்னார்:
நிரூபிக்க வேண்டாம், சந்தேகம் போதும்.
ஏழு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.
அனுப்பியதைச் சம்பந்தப்பட்டவரிடம்
மூச்சு விடக்கூடாது,
விட்டால் குற்றவாளி நீங்கள்.

பதினொரு வருடம் நகை உரைத்த கை என்னுடையது.
ஆளை உரைக்கக் கல் தரவில்லை,
ஒரு கோப்பும் பேனாவும் தந்தார்கள்.
பொறுப்பு அதிகாரி என்று
என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

முதல் வாரமே முதலாளி கேட்டார்:
"ஒண்ணாவது போகாண்டாமா ஷைனி?
ஒண்ணுமே இல்லேன்னா
நம்ம மேலதான் சந்தேகம் வரும்."

ஏசுவடியாள் அந்த மாதம் ஐந்தாம் முறை வந்திருந்தாள்.
அண்டியாபீஸில் பருப்பு உடைத்துக் கறுத்த விரல்கள்.
ஒருநாள் தாலிச்செயின்,
ஒருநாள் வேறு யார் பெயரோ பொறித்த மோதிரம்.
எதுவும் அவள் அளவில் இல்லை.
பிறர் பொருளா? ஆம்.
அடிக்கடியா? ஆம்.
சிறுசிறு தொகையாகவா? ஆம்.
வரிசையாய்க் குந்தியிருந்து கொட்டை உடைக்கும் பெண்கள்
புருஷனுக்குத் தெரியாமல் அடகு வைக்க
இவளை அனுப்புகிறார்கள்.
எனக்குத் தெரியும். சந்தைக்கே தெரியும்.
தெரிந்ததை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

அனுப்பினேன்.
ஒப்புகை எண் பச்சை எழுத்தில் வந்தது.
திரும்ப எடுக்க ஒரு பொத்தான் தேடினேன்,
வெகுநேரம்.

புதன்கிழமைகளில் பாறசாலையிலிருந்து வருபவர் பிரதீஷ்.
முதலாளியோடு ஒரே பள்ளியில் படித்தவர்.
ஆதார், பான், எல்லாம்
கசங்காத ஒரு பிளாஸ்டிக் உறையில்.
இருநூறு கிராம் வளையல் வைப்பார்.
யார் கையிலும் ஏறாதவை,
உட்புறத்தில் சோப்பு அழுக்கு துளியும் இல்லை.
போன வாரம் அவர் படியிறங்கிய பிறகுதான்
எனக்கு உறைத்தது:
வட்டி எவ்வளவு என்று இந்த மனிதர்
ஒரு தடவையும் கேட்டதில்லை.

இந்த ஊரில்
ஏத்தன் குலைக்குப் பேரம், ஆட்டோவுக்குப் பேரம்,
கல்லறைக் குழி வெட்டுகிறவனிடமும் பேரம்.
கால் பைசா வட்டிக்காக
அரைமணி நேரம் மாரடிப்பாள் ஏசுவடியாள்.

முதலாளி சாப்பிடப் போன நேரத்தில்
'காரணம், சுருக்கமாக' என்ற கட்டத்தில்
'வட்டி கேட்பதில்லை' என்று எழுதி
அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை
உப்பேரிப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்து
"எந்தா ஷைனி, விசேஷம்?" என்றார்.
ஒன்றுமில்லை என்றேன்.
சட்டப்படி.

வெள்ளிக்கிழமை ஏசுவடியாள்.
"என்ன பிள்ளே, முகம் வாடிக் கெடக்கு?"
ஒன்றுமில்லை என்றேன்.
அதுவும் சட்டப்படிதான்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்,
யாருடையதோ ஒற்றைக் கம்மல்.
அவள் வாய் திறக்குமுன்
கால் பைசா குறைத்து ரசீது எழுதினேன்.

ரசீதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்,
பித்தளையைப் பார்ப்பதுபோல.

"எதுக்கு பிள்ளே கொறச்ச?"