பதினைந்தாம் எண்

தேசப்பன் படகில் ஒரு பெட்டி.
வானத்தைத் தொட்டுத் திரும்பும் அதன் சேதிக்கு
இருபத்தெட்டு பைட். அதற்கு மேல் ஒரு பிட் ஏறாது.
நாலு பைட் முதலாளிக்கு:
டீசல், ஐஸ், மீன், ஆள் கணக்கு.
மிச்சம் இருபத்துநாலு எங்களுக்கு.

முதுநகர் ஐஸ் கம்பெனியில்
ராத்திரிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
அமோனியாக் குழாய் முனகும் அறையில்
கட்டி உடைக்கும் சத்தத்துக்கு நடுவே
ஒரு செஸ் பலகையைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

"நகர்த்தினதை மட்டும் அனுப்பேன் அக்கா,
எங்கிருந்து, எங்கே. ரெண்டு பைட் போதுமே."
போதாது. பாதிச் சேதி கடலிலேயே விழுகிறது.
ஒன்று தொலைந்தால் அவன் ஓர் ஆட்டம் ஆடுவான்,
நான் வேறோர் ஆட்டம்.
ஒவ்வொரு தடவையும் முழுப் பலகையும் போகட்டும்,
நேற்றைப் பற்றி எதுவும் கேட்காத பலகை.

முதலில் அறுபத்துநாலு பிட்.
ஆள் நிற்கும் கட்டம் ஒன்று, காலி பூஜ்யம்.
எட்டு பைட்டில் அடங்கிவிட்டது அத்தனை கூட்டமும் வெறுமையும்.
பிறகு நிற்பவர்களை வரிசையாகக் கூப்பிட்டு
தலைக்கு நாலு பிட்;
டவுன் பஸ் சீட்டு மாதிரி பைட்டுக்கு இரண்டு பேர்,
ராணிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அகலம்.
முப்பத்திரண்டு பேருக்குப் பதினாறு பைட்.
வெட்டுப்பட வெட்டுப்படச் சேதி இன்னும் இளைக்கும்.

சந்தோஷத்தில் டீ சொன்னேன்.
டீ வருவதற்குள் ஓட்டை தெரிந்தது.

பலகையைப் பார்த்தால் தெரியாதவை இருக்கின்றன.
யாருடைய முறை என்று தெரியாது.
இந்தச் சிப்பாய் இப்போதுதான் இரண்டடி தாவினானா,
போகிற போக்கில் அவனை வெட்டலாமா, தெரியாது.
ராஜா ஒருமுறை எழுந்து போய்
அதே கட்டத்துக்குத் திரும்பி வந்திருந்தால்
அதுவும் தெரியாது.
போய் வந்தவனுக்குக் கோட்டை கிடையாது,
முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.
குவைத்திலிருந்து வந்த என் புருஷன்
வாசலில் அப்படித்தான் நின்றார்.

நாலு பிட்டுக்குள் பதினாறு எண்.
பூஜ்யத்திலிருந்து பதினொன்று வரை
வெள்ளைக்கு ஆறு, கறுப்புக்கு ஆறு.
பன்னிரண்டு, இப்போதுதான் தாவின சிப்பாய்;
எந்தப் பக்கத்தான் என்பதை நிற்கும் வரிசையே சொல்லும்.
பதிமூன்று, தானும் தன் ராஜாவும் இன்னும் அசையாத யானை.
பதினாலு, தன் முறைக்கு விழித்திருக்கும் கறுப்பு ராஜா.
அவன் தூங்கினால் வெள்ளை ஆடட்டும்.
ஒரு பிட் கூடவில்லை.
பதினைந்துக்கு மட்டும் வேலை கொடுக்கத் தெரியவில்லை,
விட்டுவிட்டேன்.

ஐப்பசி. கொண்டல் கனத்த ராத்திரி.
மூன்று மணிக்கு வந்தது பலகை.
டீசல் கால், ஐஸ் பாதி, மீன் பூஜ்யம்.
ஆள் ஒன்பது.
போனது எட்டுப் பேர்.

கறுப்பு ராஜா விழித்திருந்தான், என் முறை.
வலது ஓரம், மேலிருந்து மூன்றாம் கட்டத்தில்,
நேற்றுவரை யாருமே இல்லாத இடத்தில்,
ஒரு பதினைந்து.

மழையில் ஒரு பிட் புரண்டால்
எட்டு ஒன்பதாகும். சரி.
ஆனால் காலிக் கட்டத்தில் ஓர் ஆள் வந்து நிற்க
ஐந்து பிட் வேண்டும்,
ஐந்தும் அதனதன் இடத்தில்.
மழைக்கு அவ்வளவு கணக்கு வராது.

யாரென்று கேட்க பைட் இல்லை.
எந்த ஊர்ப் படகு கவிழ்ந்ததோ,
எந்தப் பாஷையில் நடுங்குகிறானோ.
பித்தளை ஐஸ் டோக்கன் ஒன்றை எடுத்து
அந்தக் கட்டத்தில் வைத்தேன்.
கறுப்பில்லை, வெள்ளையில்லை.
என் மந்திரியின் மூலைவழி அங்கேயே அடைபட்டது.
அடைபடட்டும். குதிரையை எடுத்தேன்.

பதினொரு பேர் வெட்டுப்பட்டிருந்ததால்
சேதியில் இடம் தாராளமாக இருந்தது.
பதினைந்தை நின்ற இடத்திலேயே நிறுத்தி
பலகையைக் கடலுக்கு அனுப்பினேன்.
முதலாளி எழுந்ததும் கேட்பார்
எட்டா ஒன்பதா என்று.