பத்தடிக்குப் பதினொன்று

மகள் கேட்டது ஒரு கடிதம்தான்.
நாங்கள் வந்தால் உங்கள் வீட்டில்தான் இருப்போம் என்று
எழுதி, கையெழுத்துப் போட்டு,
அறையைப் படம் பிடித்து அனுப்புங்கள் அப்பா,
அதிகாரிக்கு ஆதாரம் வேண்டுமாம்.
பெருவிலிருந்து பேசினாள். பின்னால் ஒரு நாய் குரைத்தது.
யார் வீட்டு நாய் என்று நான் கேட்கவில்லை.

ஏழு வருடம் தண்டர் பே பக்கம் தலை வைக்காதவள்
இங்கே திரும்பி வருவாள் என்று
நான் நிரூபிக்க வேண்டும்.
ஒரு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன்,
காகித ஆலையில் இரண்டு விரல் போனவனுக்காக.
அது நடந்தது. பார்த்தேன். சொன்னேன்.
நடக்கப்போவதை எந்தக் கண்ணால் பார்ப்பது?

"இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. கடன் இல்லை."
இதுவரை உண்மை.
பேனா அங்கேயே படுத்துக்கொண்டது.

டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.
பத்தடிக்குப் பதினொன்று.
ஜன்னல் ஒன்று. பனி கொட்டினால் அரை ஜன்னல்.
உறைந்த ஏரியில் துளை போடும் துரப்பணம்,
தூண்டில்கள், ஒற்றைக் கையுறைகள் ஒரு பெட்டி நிறைய,
மூலையில் ஹெல்வியின் தையல் மெஷின்.
பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனாள்.
பதினோரு வருடம்.
இங்கே விட்டுப்போன பொருள்களின் பட்டியலும்
ஆதாரமாக எடுத்துக்கொள்வார்களாம், ஐலா சொல்கிறாள்:
அவளுடைய வங்கிக் கணக்கு, பனிச்சறுக்குக் கட்டைகள்.
விட்டுப்போனதெல்லாம் திரும்பி வருவதற்கு ஆதாரம் என்றால்
என் மனைவி எப்போதோ வந்திருக்க வேண்டும்.
இதை அதிகாரிக்கு எழுதவில்லை.

வீட்டில் மொத்தம் எத்தனை அறை என்று எழுதும்போது
சவுனாவைச் சேர்க்கலாமா என்று குழப்பம்.
பக்கத்து வீட்டு ஓரெஸ்டைக் கேட்டேன்.
"மாப்பிள்ளையை வேகவைக்கப் போகிறாயா?" என்றான்.
பிறகு அவனே வந்து
பழைய கடையிலிருந்து இருவர் படுக்கும் கட்டிலை
தன் வண்டியில் ஏற்றிவந்தான்.
படி திரும்பும் இடத்தில் சுவரில் ஒரு கீறல்.
பின்லாந்து மொழியில் நானும் உக்ரைன் மொழியில் அவனும்
கட்டிலைத் திட்டினோம்.

எல்லாவற்றையும் வெளியே தூக்கிவைத்துப் படம் எடுத்தால்
அறை லாட்ஜ் மாதிரி இருந்தது.
யாரும் வரப்போவதில்லை என்று
அந்தப் படம்தான் சத்தியம் செய்தது.
இரண்டு தூண்டில்களை மட்டும் சுவரில் சாய்த்தேன்.
மெஷினையும் உள்ளே தள்ளினேன்.
கதவுக்குப் பின்னால் ஆணியடித்து
எதையும் மாட்டாமல் விட்டேன்.
இரண்டாவது படம் பரவாயில்லை.

மருமகனை நான் பார்த்ததில்லை.
என் கைப்பேசிக்குள் அடங்கும் அளவுக்குத்தான்
இதுவரை அவன் முகம்.
அவன் ஊரிலும் பெரிய ஏரி ஒன்று இருக்கிறதாம்,
உறையாதாம்.
வில்பெர் உவாமானி. பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன்.
அடித்துத் திருத்தினால் சந்தேகப்படுவார்களோ என்று
தாளைக் கிழித்து மறுபடி முதலிலிருந்து.

"என் மகள் ஐலாவும் அவள் கணவர் வில்பெரும்
தேவைப்படும் வரை என்னோடு வசிப்பார்கள்."
யாருக்குத் தேவைப்படும் வரை
என்று எழுதவில்லை.
ரெய்னோ கார்ஹு. தேதி. கை நடுங்கவில்லை,
பேனாவில்தான் மை கட்டியிருந்தது.

அனுப்பி நான்கு மாதம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கீழே யாருமில்லாத அறையில் ஹீட்டர் ஓடுகிறது,
கட்டில் மரம் வெடித்துவிடக் கூடாதென்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
மின்கட்டணம் ஏறிவிட்டது.
போன ஞாயிறு ஐலாவிடம் கேட்டேன்,
அந்த ரசீதையும் ஆதாரத்தோடு சேர்க்கலாமா.

அவள் உடனே பதில் சொல்லவில்லை.
நாய் குரைத்தது.
"அது உங்கள் நாயா?" என்றேன்.
"ஆமாம் அப்பா."
கடிதத்தில் அதைச் சேர்க்கவில்லையே, என்றேன்.
அறையில் இடம் இருக்கிறது.
மெஷினை நகர்த்தினால்.