அரைப்பேர்

ஆயிரத்தில் ஒரு பங்கு.
அதைத் தாண்டினால்தான்
ஒரு நஞ்சுக்குப் பேர் எழுதவேண்டும்.
தாண்டாவிட்டால் அது
வேலைக்கே வராத ஆள்.

இந்தக் கணக்கு எனக்குப் பழக்கம்தான்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து என்றால் பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
அக்கா தவமலர் போன மாதம் முழுக்க மலையேறி
பதினொரு பேர்தான் கொண்டுவந்தாள்.
தலைசுற்றல் என்றாள்.

கொட்டகலைப் பாதையில்
மழைக்கோட்டு தைக்கும் ஃபெக்டரி எங்களுடையது.
அதில் பரிசோதனைப் பிரிவு என்பது
ஒரு மேசை, ஒரு மின்தராசு, ஒரு கம்ப்யூட்டர், நான்.
கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து தாள் வரும்.
தாளில் உள்ளதைப் படிவத்தில் ஏற்றுவேன்.
படிவம் கடல் தாண்டிப் போகும்.
அங்கே யாரோ ஒருத்தி
பிள்ளைக்குக் கோட்டு வாங்குமுன்
இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால்
நாற்பத்தைந்து நாளுக்குள் பதில் சொல்லியாகவேண்டும்.
கேட்டால் பதில் வரும் ஊர்!
அதை யோசித்தே ஒருநாள்
பிளேன்டீயை ஆறவிட்டேன்.

ஜிப்பின் இழுப்பானில் ஈயம் இருந்தது.
"முழுக் கோட்டோட சேத்து நிறுங்க மிஸ்,
காணாமப் போயிரும்"
என்றார் ஏற்றுமதிப் பிரிவு நிஷாந்தன்.
கெட்டவர் இல்லை. கப்பல் வெள்ளிக்கிழமை.
அறுநூற்று நாற்பது கிராமில் அது கரைந்துதான் போகும்.
விதி அப்படிச் சொல்லவில்லை.
இழுப்பான் தனிப் பொருளாகப் பிறந்தது,
கோட்டில் தைத்த பிறகும் தனிப் பொருள்தான்.
நாலு கிராம். அதை மட்டும் தட்டில் வைத்தேன்.
சின்னதாக ஒரு 'ணங்'.
ஈயத்துக்கு முழுப்பேர் போட்டேன்.

அடுத்து பிளாஸ்டிக் துணி.
அதை வளையவைக்கும் எண்ணெய்க்கு
ஒரு மூச்சில் சொல்லமுடியாத பேர்.
நூற்றுக்குப் பன்னிரண்டு.
வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்று
பட்டியலில் நேரே போட்டிருந்தது.
நீல ரோல் பதினான்கு, லொட் எண் 7731.
வாங்குபவர்கள் ஒரே வரியில் வேண்டாம் என்றார்கள்.
நான் எழுதியதால்.
அன்று பஸ்ஸில்
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சம்பளம் கழிந்த ஞாயிறு லயத்துக்குப் போனால்
ஆணியில் புதுப் படங்கு.
"சந்தையில மலிவா வந்துச்சு. எப்பிடி வளையுது பாரு"
என்று இடுப்பில் சுற்றிக் காட்டினாள் அக்கா.
கயிற்றை முன்பைவிட ஒரு சாண்
தளர்த்திக் கட்டினாள்.
எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
படங்கின் ஓரத்தில்
ஏழு, ஏழு, மூன்று, ஒன்று.

கழற்று என்றேன். காரணமும் சொன்னேன்.
முழுக்கக் கேட்டாள்.
"சரி. அப்ப மழைக்கு எதக் கட்டுறது?"

திங்கள் காலை படிவத்தைத் திறந்தேன்.
'பொருள் சென்றுசேரும் நாடு' என்ற கட்டத்தைத் தட்ட
முப்பது பேர் வரிசையாக இறங்கினார்கள்.
நாங்கள் அதில் இல்லை.
எழுதிப் பார்த்தேன்:
கீழ்ப்பிரிவு, எட்டாம் லயம்.
சிவப்பில் வந்தது: செல்லாத பதிவு.

நிஷாந்தன் பின்னால் நின்று படித்திருக்கிறார்.
"உள்ளூருக்கு விக்கிறதுக்கு ரிப்போட் இல்லியே மிஸ்."
"தெரியும்."
போகாமல் நின்றார்.
"எங்க அம்மாவும் நீலந்தான் கட்டுறாங்க"
என்றவர், ஃபோனை எடுத்துக்கொண்டு
வெளியே நடந்தார்.

மழை பிடித்துவிட்டது.
பெரட்டு முடிந்து எதிர்மலையில் ஏறுகிறார்கள்.
இங்கிருந்து பார்க்க, இடுப்பு உயரத்தில்
நீலப் புள்ளிகள்.
எண்ணினேன்.
ஒன்பதுக்கு மேல் மூட்டம் இறங்கிவிட்டது.
ஆய்வுகூடத் தாளின் பின்பக்கம்
'குறைந்தது ஒன்பது' என்று எழுதி
தேதி போட்டேன்.