உக்குளானுக்கு ஒரு படிவம்

கொழும்பு மிருகக்காட்சிச்சாலையிலிருந்து வந்த நில்மினி
ஜீப்பின் முன்மூடியில் படிவத்தை விரித்தாள்.
அரிய உயிரினம். காணப்பட்ட இடம். கண்டவர்.
"நீங்கதான் கண்டது, நீங்கதான் எழுதுறது" என்றாள்
பாடமாக்கி வந்த தமிழில்.

இடம்: ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே எங்கள் ஏழாம் ஒழுங்கை,
சிவப்புத் தடிகளுக்கு அந்தப் பக்கம்.
நேரம்: காலை ஆறே முக்கால்.
முழங்காலில் நின்று மண் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
முகக்கவசத்தில் என் மூச்சே படிந்து மங்கியிருந்தது.
முதலில் சத்தம்தான்.
சருகின் மேல் விரல் நுனியால் தவில் பழகுவதுபோல்
தடதடவென்று, நிறுத்தி,
மறுபடியும்.
முயலளவு உடம்பு, மான் முகம், கொம்பில்லை.
சுண்ணாம்பு விரலை யாரோ விலாவில் துடைத்துவிட்ட கோடுகள்.
பென்சில் தடிப்பில் நாலு கால்.

மழை கழுவிக் காட்டிய ஒரு ஜொனியின் மேல்
அது நின்றது.

நான் கத்தவில்லை. கத்தினால் துள்ளும்.
அது என்னைப் பார்த்தது, நான் அதன் குளம்பைப் பார்த்தேன்.
பிறகு இறங்கி, ஒன்றும் நடவாததுபோல்
பாலைப்பழம் தின்னப் போய்விட்டது.

செல்வரதி அக்கா பிறகு சொன்னா:
"மூண்டு கிலோவுக்கு அது அசையாது பிள்ளை.
மனிசருக்கெண்டு அளவெடுத்துச் செய்தது."

அன்றிலிருந்து ஒரே கணக்கு.
பதினாலு வருசம் மண்டையோட்டுப் பலகை காவல் நின்ற காடு.
விறகுக்கு ஆரும் வரவில்லை.
நெற்றியில் லைற் கட்டி வந்தவர்கள்
பலகையைக் கண்டு திரும்பினார்கள்.
உள்ளே உக்குளான் குட்டி போட்டது,
குட்டி வளர்ந்து குட்டி போட்டது.
அப்படியொரு சாலையை எந்த அரசாங்கம் கட்டித் தரும்?

ஒரு நாளைக்கு எட்டு மீற்றர்ப்படி
அதன் வேலியைப் பிடுங்குகிறவள் நான்தான்.
சம்பளத்துக்கு.
துப்புரவான நிலம் என்று பலகை நட்ட மூன்றாம் இரவு
அயல்வீட்டில் இறைச்சி வறுத்தார்கள்.
என்ன இறைச்சி என்று நான் கேட்கவில்லை.
நல்ல மணம். பசித்தது எனக்கும்.

ஆகவே எழுதினேன்: எடுத்துப் போங்கள்.
சோடியாக.

"அடைச்சு வைச்சா பெருகுமா?" நில்மினி கேட்டாள்.
என் மகன் யதுர்சன்
செட்டிகுளத்து முகாமில், தறப்பாளுக்குக் கீழே,
முள்ளுக்கம்பிக்கு உள்பக்கமாய்ப் பிறந்தான்.
மூன்று கிலோ இருந்தான்.
"பெருகும்" என்றேன்.
அவள் பேனையை மூடினாள். கொஞ்சம் நின்று,
திரும்பத் திறந்தாள்.

குறிப்புகளுக்கு இடம் போதவில்லை. பின்பக்கம் எழுதினேன்.
கண்ணாடியில் தட்ட விடாதீர்கள்.
பகலிலும் ஒரு மூலை இருட்டாக இருக்கட்டும்.
வீரை பழுக்கும் காலத்தில் பஸ்ஸில் பழம் அனுப்புவேன்,
தரிப்பிடத்துக்கு ஆள் விட்டால் போதும்.
எண்ணத்தான் வேண்டுமென்றால் எண்ணுங்கள்,
வரிசையில் நிறுத்தி அல்ல.
பலகையில் சருகுமான் என்று போடுங்கள், அது புத்தகப் பெயர்.
அதன் கீழே உக்குளான்.
'ளா'வுக்கு 'லா' போட்டால்
இங்கே ஒருவருக்கும் விளங்காது.

பிறகுதான் கண்டேன்:
பிடித்த திகதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது,
திருப்பி விடும் திகதிக்கு இல்லை.
எங்களுக்குத் தந்த துண்டிலும் அது இருக்கவில்லை.
அடிமட்டம் கேட்டு வாங்கி
ஒரு கட்டம் கீறினேன்.
கோடு கொஞ்சம் சரிந்துவிட்டது. நில்மினி அழிக்கவில்லை.

ஏழாம் ஒழுங்கையில் இன்னும் முப்பது மீற்றர் மிச்சம்.
கூடு செய்ய மூன்று மாதமாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.
அன்று பின்னேரம் நான் மிக மெதுவாகச் சுரண்டினேன்.
செல்வரதி அக்கா
மணிக்கூட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா,
தண்ணீர் குடிக்கப் போனா.