மாதிரி எண் நாற்பத்தொன்று

பசு மூத்திரம் பெய்யும்வரை
அதன் பின்னால் நிற்பதுதான்
என் ஆராய்ச்சியின் முதல் பாதி.
பாமணியாற்றங்கரையில், ஐப்பசித் தூறலில்,
மூடி திறந்த பாட்டிலோடு
ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.
வாலைத் தூக்கும்.
ஈயை விரட்டிவிட்டுப் போட்டுவிடும்.
ரஹ்மத்துன்னிசா முக்காட்டுக்குள் சிரிப்பார்:
"அதுக்கும் வெக்கம் இருக்காதா டாக்டர்?"

ஏழாம் மாதத்தில் கன்று வீசிய பசு.
அந்தத் தெருவில் மூன்றாவது.
கண்ணேறு என்றார்கள், புதுத் தீவனம் என்றார்கள்,
பக்கத்து வீட்டுக்காரன் பெயரைக்கூடச் சொன்னார்கள்.
நான் "பாத்துச் சொல்றேன்" என்றேன்.
பதினோரு வருடமாக
அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எலிகள் காத்தலிங்கத்திடமிருந்து வரும்.
மூங்கிலை வில்லாக வளைத்து, கயிறு பூட்டி,
அந்தியில் சம்பா வயலெங்கும் கிட்டி நடுவார்.
விடியுமுன் முழங்கால் தண்ணீரில் இறங்கி
விறைத்தவற்றைச் சாக்கில் போட்டு வருவார்.
வயல்காரர் வாலை எண்ணிக் கூலி கொடுப்பார்.
"வாலு அவங்களுக்கு, கிட்னி உங்களுக்கு,
நடுவுல உள்ளதுக்கு ஆள் இல்ல" என்று
என் மேசையில் சாக்கை வைப்பார்.

இருள்புல நுண்ணோக்கியில்
வெளிச்சம் நேராக வராது.
பக்கத்திலிருந்து வரும்,
அமாவாசை வரப்பில் யாரோ
தாழ்த்திப் பிடித்த டார்ச்சைப் போல.
அந்தக் கருப்பில்
வெள்ளிச் சரடுகள் சுழலும்,
நுனி மட்டும் வளைந்து.
பெயர் வைத்தவர்களுக்கு அது கேள்விக்குறி.
எனக்குத் தூண்டில் முள்.

வளர்ப்பது பெரும்பாடு.
முப்பது டிகிரியில், இருட்டில், குழாய்க்குள்
பதினேழு நாள் ஒன்றுமே இல்லை.
நடுவில் இரண்டு மின்வெட்டு,
ஜெனரேட்டருக்கு டீசல் என் பையிலிருந்து.
இருபத்து மூன்றாம் நாள் காலை
மேல்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே
பால் கலங்கியதுபோல் ஒரு வளையம்.
தனியாக இருந்ததால்
சத்தமாகவே பேசினேன் அதனோடு.

உயிருள்ள சரடுகளோடு சீரத்தைச் சேர்ப்போம்.
முன்பே பழகிய ரத்தம்
அவற்றைக் கட்டிக்கட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.
ரஹ்மத்துன்னிசாவின் பசு
எண்ணூறு மடங்கு நீர்த்தும் பிடித்தது.
நாற்பத்தொன்று
மூவாயிரத்து இருநூறிலும் விடவில்லை.

அது மாடல்ல.
சாக்கில்லாமல் ஒரு காலை வந்து
படியிலேயே உட்கார்ந்துவிட்டார் காத்தலிங்கம்.
கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொடவிடாமல்.
மன்னார்குடி ஆஸ்பத்திரியில்
சீசன் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள்.
"எலிக்குப் பாக்குறீங்க, மாட்டுக்குப் பாக்குறீங்க,
என்னை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

என் படிவத்தில் கட்டங்கள்:
பசு, எருமை, ஆடு, நாய், எலி.
மனிதருக்கு ஊசி குத்த எனக்கு உரிமை இல்லை.
மறுபடி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன்.
நர்ஸ் எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் என்னோடு வந்தது.
முடிவு தெரிந்ததும் டாக்டரை அழைத்தேன்.
"மாட்டு டாக்டரா?" என்றார்.
இரண்டாம் முறை அழைத்தபோது
எழுதிக்கொண்டார் எண்ணை.
அன்றிரவே மருந்து மாறியது.

திட்ட அறிக்கை திரும்பி வந்தது:
வரிசை நாற்பத்தொன்று வரம்புக்கு வெளியே, நீக்குக.
நீக்கினேன்.
அட்டவணையில் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு.
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

தை பிறக்குமுன் இளைத்து வந்தார்,
வேட்டி இடுப்பில் இரண்டு சுற்று கூடுதலாக.
முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ்
ஒன்பதாம் அளவில் வாங்கி வைத்திருந்தேன்.
போட்டுப் பார்த்தார், நடந்து காட்டினார்,
போலீஸ்காரர் மாதிரி இருக்கிறது என்றார்.

நேற்று அவ்வழியே போனேன்.
மோட்டார் கொட்டகை ஆணியில்
பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது, சேறே படாமல்.
"சேத்துல எறங்குனா கால் வருது,
பூட்ஸ் வரல" என்று
வயலுக்குள்ளிருந்து கத்தினார்,
குனிந்து,
அடுத்த மூங்கிலை வளைத்தபடி.